மஸ்டாவோட டீசல் எஸ்யூவி சிஎக்ஸ்-5 விஷயமா நம்ம ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எடிசன், நியூஜெர்சி
ஜூலை 2019

அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

பொதுவா நான் உங்களுக்கு எழுதறதுன்னா ஆயில் சேஞ்ச் டிஸ்கவுன்ட், ஸ்னோ டயர் மாத்தற நேரம், தீபாவளிக்கு லீவு, இவ்வளவுதான். இந்த தடவை கொஞ்சம் நீளமா எழுத வேண்டியதா போச்சு, ஏன்னா ரெண்டு மூணு வாரமா ஒரு வாய்ஸ் மெசேஜ் நம்ம ஆளுங்க வாட்ஸாப்ல சுத்திக்கிட்டு இருக்கு, நாலு பேர் எனக்கே ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. "அந்த ஒர்க்‌ஷாப்காரர் பேச்சைக் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல டீசல் மஸ்டாவுக்குக் காத்திருந்தேன், கடைசில 42 ஆயிரத்துக்கு வந்து நிக்குது, அவருக்கு கமிஷன் இருந்திருக்கும்" அப்படின்னு. பேசினவர் யாருன்னு எனக்குத் தெரியும், நல்ல மனுஷன், அவர் பேரை நான் எங்கயும் சொல்லப்போறதில்ல. ஆனா அந்த கமிஷன்ங்கற வார்த்தை இருக்கே, அது ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துருச்சு.

முதல்ல அதையே பேசிடறேன். நான் கார் விக்கறவன் இல்ல. புது மஸ்டா வேணும்னா மஸ்டா டீலர்கிட்டதான் போகணும், அங்க எனக்கு உள்ள ஒரு ஆளும் கிடையாது, காபி கூட குடுக்கமாட்டாங்க. நீங்க புது கார் எடுத்தா 3 வருஷம் இல்ல 36,000 மைல் வாரண்டி, இஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருஷம் 60,000 மைல், அதுவரைக்கும் நீங்க என் ஷட்டர் பக்கமே எட்டிப் பாக்கமாட்டீங்க. யோசிச்சுப் பாருங்க, நான் சுயநலமா பேசியிருந்தா என்ன சொல்லியிருக்கணும்? "அண்ணா, எதுக்கு டீசல், 90,000 மைல் ஓடின ஒரு பழைய டொயோட்டா ராவ்4 எடுங்க"ன்னு சொல்லியிருக்கணும். பிரேக்கு, ஸ்ட்ரட்டு, வாட்டர் பம்ப்புன்னு மாசாமாசம் உங்களைப் பாத்திருப்பேன். புது கார் வரட்டும்னு சொன்னா நஷ்டம் எனக்குத்தான். இதுல கமிஷன் எங்கேர்ந்து வரும்? இதை வாய்ஸ் மெசேஜ் போட்டவரும் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

அப்புறம், "காத்திருங்க"ன்னு நான் சொல்லவேயில்ல. "வந்தா பாக்கலாம்"னு சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா. மஸ்டா 6 செடானோட டீசல் கதையையும் அப்பவே சேர்த்துதான் சொன்னேன், கவுன்ட்டர்ல நின்னு கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2012 எல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்) ஆட்டோ ஷோல அடுத்த வருஷம் வருதுன்னாங்க, அப்புறம் 2014-க்குத் தள்ளினாங்க, 2014 ஜனவரில தேதியே சொல்லாம தள்ளிப் போட்டுட்டாங்க, அந்த கார் கடைசி வரைக்கும் இங்க ஷோரூமுக்கு வரவேயில்ல. அந்த கம்பெனிதான் 2016 நவம்பர்ல அதே எல்ஏ ஷோல நின்னு, சிஎக்ஸ்-5 டீசல் 2017 ரெண்டாவது பாதில அமெரிக்காவுக்கு வருதுன்னு சொன்னது. நான் கிளப்பிவிட்ட வதந்தி இல்ல அது, கம்பெனியே மேடை போட்டு சொன்னது. 2017 போச்சு, 2018 போச்சு, 2019 ஏப்ரல்ல நியூயார்க் ஷோலதான் விலையோட வந்தது.

அந்த நேரத்துல நம்ம ஆளுங்க ஏன் அதுக்கு அவ்வளவு ஆசைப்பட்டாங்கன்னும் சொல்லணும், ஏன்னா புதுசா வர்ற வாடிக்கையாளர்களுக்கு இது புரியாது. நம்மகிட்ட ஃபோக்ஸ்வேகனோட ஜெட்டா டிடிஐ, ஸ்போர்ட்வேகன், பஸ்ஸாட் டிடிஐ வச்சிருந்த குடும்பங்க நெறைய, டிடிஐன்னா அவங்க டீசல் வண்டி. ஹைவேல காலனுக்கு 42 மைல்னு ஸ்டிக்கர்ல போட்டிருந்தான், பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிட்டு வர்றவங்க அதுக்கும் மேல குடுக்குதுன்னு சொல்வாங்க. 2015 செப்டம்பர் 18-ல அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி ஈபிஏ குண்டைத் தூக்கிப் போட்டுச்சு, டெஸ்ட் மெஷின்ல நிக்கும்போது மட்டும் சுத்தமா ஓடற மாதிரி சாஃப்ட்வேர் வச்சிருக்கான், ரோட்ல நாக்ஸ், அதான் புகைல வர்ற நைட்ரஜன் ஆக்சைடு, லிமிட்டை விட 40 மடங்கு வரைக்கும் போகுதுன்னு. அடுத்த வருஷம் செட்டில்மென்ட், காரைத் திருப்பிக் குடுத்தா விவகாரம் வெளிய வர்றதுக்கு முன்னாடி இருந்த விலை, அதுக்கு மேல 5,100 டாலர்லேர்ந்து 10,000 டாலர் வரைக்கும். யார் விடுவாங்க, எல்லாரும் குடுத்தாங்க. கையில செக், வீட்ல வளர்ற பசங்க, ஸ்ட்ரோலர், ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மா, அதனால செடான் போதும்னு யாருக்கும் தோணல, எஸ்யூவி மாதிரி உயரமா இருக்கணும், ஆனா டீசலா இருக்கணும். அப்படி ஒரு கார் நடுத்தர விலைல ஒண்ணுமே இல்ல. ஃபோக்ஸ்வேகனோட எஸ்யூவி டிகுவான்ல டீசல் இங்க குடுக்கவேயில்ல, டுவாரெக் டீசல் வேற லெவல் விலை. சுபாரு யூரோப்ல ஃபாரஸ்டர்ல டீசல் வித்தான், இந்தப் பக்கம் அனுப்பல. ஹோண்டா சிஆர்-வியும் அதே கதைதான். ஷெவி ஈக்வினாக்ஸ்ல 2018 மாடலா ஒரு 1.6 லிட்டர் டீசல் வந்தது, ஹைவேல 39, நான் சொன்னேன், ஆனா 137 குதிரைசக்தின்னதும் உதட்டைப் பிதுக்கினாங்க, அது என் தப்பா?

ஏன் லேட்டாச்சுன்னு என்னைக் கேட்டா, இந்த ஒரு விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுத்துக்கோங்க. மஸ்டாவோட அந்த 2.2 இஞ்சின் ஜப்பான்ல, யூரோப்ல 2012-லேர்ந்தே ஓடுது. அதுல கம்ப்ரெஷன், அதாவது உள்ள காத்தை அழுத்தற அளவு, 14-க்கு 1 தான், டீசலுக்கு அது ரொம்பக் கம்மி. கம்மியா வச்சா உள்ள எரியும்போது சூடு கொஞ்சம் அடங்கும், நாக்ஸ் கம்மியா வரும், அதனால அங்கல்லாம், புகைல யூரியா தெளிச்சு நாக்ஸைக் குறைக்கற யூரியா டேங்க் இல்லாமலே பாஸ் பண்ணிட்டான். ஆனா அமெரிக்காவுல டீசலுக்குன்னு தனிச் சலுகை கிடையாது. யூரோப்போட புகை விதி யூரோ 6-ல பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் நாக்ஸ்னா டீசலுக்கு 80 வரைக்கும் விடறான், இங்க ரெண்டுக்கும் ஒரே அளவுகோல், கலிஃபோர்னியா அதுக்கும் மேல கறார். இதோட 2015 செப்டம்பர் 25-ஆம் தேதி ஈபிஏ எல்லா கம்பெனிக்கும் லெட்டர் போட்டுருச்சு, இனிமே வழக்கமான டெஸ்ட் மட்டும் இல்ல, நாங்க எப்படி ஓட்டிப் பாப்போம்னு உங்களுக்கே தெரியாதுன்னு. ஒருத்தன் பண்ணின திருட்டுக்கு தெருவுல இருக்கற எல்லார் வீட்டுலயும் சோதனை. கடைசில மஸ்டா இங்கத்த வண்டிக்கு யூரியா சிஸ்டம் சேர்த்துதான் சர்ட்டிஃபிகேட் வாங்கினான். இதுல எடிசன்ல ரெண்டு லிஃப்ட் வச்சிருக்கற நான் என்ன அவசரப்படுத்தியிருக்க முடியும்னு சொல்லுங்க.

சரி, 2019-ல வந்துருச்சு, எப்படி வந்தது? 168 குதிரைசக்தி, டார்க், அதான் இழுவை சக்தி, 290. சிட்டில 27, ஹைவேல 30. அதுவும் மேல்தட்டு சிக்னேச்சர் மாடல்ல மட்டும், ஆல் வீல் டிரைவ் மட்டும், 41,000 டாலர், டெலிவரி சார்ஜ் சேர்த்தா 42 ஆயிரத்தைத் தாண்டினது. பக்கத்துலயே அதே சிக்னேச்சர் பெட்ரோல் டர்போல நின்னுச்சு, சுமார் நாலாயிரம் டாலர் கம்மியா, சாதா பெட்ரோல் போட்டாலே 227 குதிரைசக்தி, டார்க்கும் 310, டீசலை விட அதிகம்! டீசல் வாங்கறவன் டார்க்குக்குத்தானே வாங்கறான். எனக்கே அந்த ஸ்பெக் ஷீட்டைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாத்தேன். வருஷத்துக்கு 15,000 மைல், பெட்ரோல் டர்போ சராசரி 24 குடுக்குது, டீசல் 28. 2019 விலைப்படி பெட்ரோல் காலன் 2.70, டீசல் 3.05-னு வச்சுக்கிட்டா, பெட்ரோலுக்கு சுமார் 1,690 டாலர், டீசலுக்கு சுமார் 1,635. வருஷத்துக்கு அம்பது சொச்சம் டாலர் மிச்சம், அதுலயும் யூரியா செலவு தனி. நாலாயிரம் திரும்பி வரணும்னா உங்க பேரன்தான் கணக்கை முடிக்கணும்.

இங்க ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நம்ம எல்லாருக்கும் டீசல்னா மலிவுன்னு ஊர்லயே மண்டைல ஏறிடுச்சு. 2012 வாக்குல சென்னைல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல வித்தியாசம், குவாலிஸ், இன்னோவா, ஸ்கார்ப்பியோன்னு பாத்து வளர்ந்தோம். அங்கயே 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. இங்க ஃபெடரல் வரியே பெட்ரோலுக்கு காலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். ஆரம்பமே டீசலுக்கு எதிரா இருக்கு.

அதை விட முக்கியம், நீங்க எப்படி ஓட்டறீங்கங்கறது. பாதிப் பேர் காலைல மெட்ரோபார்க் ஸ்டேஷன்ல காரை விட்டுட்டு ட்ரெய்ன் ஏறறீங்க, நாலு மைல் போக, நாலு மைல் வர, சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோடுல காய்கறி, மாசத்துக்கு ஒரு தடவை பிரிட்ஜ்வாட்டர் கோயில். புது டீசல்ல எக்ஸாஸ்ட்ல ஒரு ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப், கரியைப் பிடிச்சு வச்சுக்கும், நல்லா சூடானாதான் தன்னாலயே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். நாலு மைல்ல அது சூடே ஆகாது. ஒரு அக்காவோட ஸ்போர்ட்வேகன் அப்படித்தான் மஞ்ச லைட் எரிஞ்சுகிட்டு வந்தது. நானும் நம்ம பையனும் லேப்டாப்பை மாட்டிட்டு 287 ஹைவேல ஏறினோம், அவன் மடில ஸ்க்ரீன், கரி எத்தனை கிராம்னு நம்பர் ஓடுது, வேகம் பிடிச்சு ஒரே சீரா போகப்போக அந்த நம்பர் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, சிக்னல்ல நின்னா அப்படியே நின்னுடுது. திரும்பி வந்து இறங்கினா வண்டிக்கு அடிலேர்ந்து இஸ்திரிப் பெட்டி சூடு, ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. அந்த அக்காகிட்ட சொன்னேன், வாரத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னு. "வேலைக்குப் போறதுக்கு கார் வாங்கினேனா, காருக்கு வேலை பாக்கவா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. தினமும் சவுத் ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் 60, 70 மைல் ஓடறவங்களுக்கு மட்டும்தான் நான் டீசலை ஆதரிச்சேன், அவங்களுக்கு அது நல்ல வண்டின்னுதான் சொன்னேன், காசு கணக்கு பாக்காம அந்த இழுவை பிடிச்சா தாராளமா எடுக்கலாம்னு.

காத்திருந்தவங்க எல்லாரும் என்னைத் திட்டல, அதையும் சொல்லணும். டீசல் வர்றவரைக்கும்னு ஒரு பழைய கேம்ரிய ஓட்டிக்கிட்டு, பெல்ட் கத்தக்கத்த நம்மகிட்டயே கொண்டாந்து, ஒவ்வொரு தடவையும் "என்னண்ணா, உங்க மஸ்டா வந்துச்சா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்ட தம்பிக்கு ரொம்ப நன்றி. எங்க அம்மா தவறினப்போ கடை பத்து நாள் சாத்தியிருந்தும் வேற எங்கயும் போகாம காத்திருந்தவங்க, பொங்கலுக்கு ஃப்ளாஸ்க்ல சக்கரைப்பொங்கல் கொண்டாந்து மெக்கானிக் பசங்களுக்கு வரைக்கும் குடுத்தவங்க, ஆன்லைன்ல பார்ட்ஸ் கம்மி விலைக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சும் "நீயே போட்டுக்குடுப்பா"ன்னு விட்டவங்க, உங்க எல்லாராலயும்தான் இந்தக் கடை நிக்குது. இதை சும்மா மரியாதைக்கு எழுதல.

இன்னொரு சேதி. நம்ம டீசல் வேலை பாத்துக்கிட்டிருந்த தம்பி போன மாசத்தோட விலகிட்டார். ஒரு பெரிய ட்ரக் கம்பெனில கூப்பிட்டாங்க, சம்பளமும் அதிகம், குடும்பத்துக்கே ஹெல்த் இன்ஷூரன்ஸ், நான் குடுக்க முடியாதது அது, வாழ்த்தி அனுப்பிட்டேன். டிடிஐ வண்டிகளையும் கம்பெனியே திரும்ப வாங்கிக்கிட்டதால இவ்வளவு நாள் அவரை வச்சிருந்ததே பாசத்துலதான்னு சொல்லலாம். வாடகையும் கடை இன்ஷூரன்ஸும் இந்த வருஷம் எகிறிடுச்சு, அதனால ஆகஸ்ட் 1-லேர்ந்து லேபர் மணிக்கு 95 இல்ல, 115. டீசல் ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் வேலை இனிமே எடுக்கறதில்ல. ஆயில், ஃபில்டர், பிரேக், ஏசி எல்லாம் எப்பவும் போல.

கமிஷன் விஷயத்துல இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தா நேர்ல வாங்க, கணக்கு நோட்டே காட்டறேன், மெசேஜ் போட்ட அண்ணனும் வரலாம், டீ நம்ம செலவு. அவரோட இப்பத்த வண்டிக்கு டயர் ரொட்டேஷன் நேரம் ஆயிடுச்சு, ஞாபகப்படுத்தினதா இருக்கட்டும். சனிக்கிழமை காலைல கூட்டமா இருக்கும், ஒரு போன் போட்டுட்டு வாங்க.

அன்போட,
உங்க ஒர்க்‌ஷாப்காரன்