காலையில் ஏன் போன் எடுப்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்று வட்டாரத்திலும் செம்பனைப் பழத்தின் எடைச் சீட்டுக் கணக்கைப் பார்க்க எங்கள் செயலியைப் பயன்படுத்தும் சிறுதோட்டக்காரர்கள், பழம் வெட்டும் குத்தகைக்காரர்கள், லோரிக்காரர்கள் எல்லாருக்கும் இந்த மடல். கொஞ்ச நாளாக ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. காலையில் ஏன் போன் எடுப்பதில்லை? கம்பெனியை விற்கப் போகிறீர்களாமே? குலையைப் படமெடுத்தால் தானாக எண்ணிச் சொல்லும் வசதி எப்போது வரும்? புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நடுவில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை நேரத்தில் நான் உங்களில் யாராவது ஒருவருடைய லோரியில் இருப்பேன். இல்லையென்றால் எண்ணெய் ஆலையின் எடைமேடை வரிசையில் நிற்பேன். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு விடியலுக்கு முன்னால் விழிப்பு தானாக வந்துவிடும். தொழில்முனைவோரின் வெற்றிப் பழக்கங்கள் என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தால் முன்னுக்கு வந்துவிடலாமாம். அப்படியென்றால் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அத்தனை பேரும் கோடீசுவரராகியிருக்க வேண்டும்.

நான் வரிசையில் போய் நிற்பதற்குக் காரணம் வேறு. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். அடிபட்ட பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் வரிசையில் நிற்கிறவருக்கு யாரிடமும் இனிமையாகப் பேச நேரமில்லை. எனக்கு அதுதான் வேண்டும். அலுவலகத்துக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா உங்க ஆப்பு" என்று சொல்லிப் போன அதே அண்ணன், எடைமேடையில் நிற்கும்போது, "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, வெயில்ல ஒண்ணும் தெரியல" என்கிறார். அதை அவர் சொன்னபடியே ஒரு 555 புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன். கடையில் கடனுக்குச் சாமான் எடுக்கும்போது எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். அவர் சொன்னதை நான் "எழுத்துரு மேம்பாடு" என்று மாற்றி எழுதினால், கணினி முன் உட்காரும்போது அந்த வெயில் எனக்கு மறந்துவிடும். எழுத்து பெரிதானதும், லைன் கிடைக்காத இடத்திலும் செயலி வேலை செய்வதும், கடவுச்சொல்லே இல்லாமல் போனதும் இந்தப் புத்தகத்தால்தான்.

இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தேன் என்று கேட்பவர்களிடம் எடைச் சீட்டைத்தான் காட்டுவேன். ஆலையில் தருகிற சீட்டு சூட்டில் அச்சாகிற தாள். லோரியின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் மங்கிப்போகும், சட்டைப் பையில் வியர்வையோடு இருந்தாலும் அதே கதி. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருந்தது. சம்பள நாள் கணக்குப் பார்க்க அவர் அந்தச் சீட்டுகளை எடுக்கும்போது பாதி எண்கள் இருக்காது. இருக்கிற எண்களுக்கும் என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எம்பிஓபி என்கிற மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 1 விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று விலை வெளியிடுகிறது. உங்கள் பழத்தில் எத்தனை விழுக்காடு எண்ணெய் என்று வைத்துக்கொள்கிறார்களோ, அதால் பெருக்கினால் டன் விலை. ஒரு பேச்சுக்கு 1 விழுக்காடு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 என்று போட்டால் டன்னுக்கு 760 வெள்ளி, 18 என்று போட்டால் 720. ஒரே ஒரு எண் மாறினால் டன்னுக்கு 40 வெள்ளி போய்விடுகிறது. அப்புறம் பழுக்காத குலை, 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட காம்பு என்று பொத்தோங் (கழிவு) வேறு. வெட்டு சரியில்லை என்றால் கழிப்பது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. எதற்காக எவ்வளவு கழித்தார்கள் என்பது வெட்டினவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் செயலி செய்கிற வேலையும் இதுதான். சீட்டு மங்குவதற்கு முன் படமெடுத்து, எண்களைப் பிரித்து, நிலத்துக்காரர், வெட்டுபவர், லோரிக்காரர் மூவருக்கும் ஒரே கணக்கை அனுப்புகிறது. எம்எஸ்பிஓ என்கிற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020இல் கட்டாயமான பிறகு விற்பனைப் பதிவு வேண்டுமே என்று வந்தவர்களும் உங்களில் நிறையப் பேர். வந்த காரணம் எதுவாக இருந்தாலும் சந்தோஷமே.

இனி அந்தக் குலை எண்ணும் வசதி. இதற்கு என் பாட்டியிலிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டம்தான், 1917இல் நட்டது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் பாட்டி செய்த வேலை, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் மகரந்தம் தூவுவது. மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவோடு கலந்து பீய்ச்சி அடிப்பார்களாம். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையை அது தானே பார்த்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, தோட்டத்துக்குச் செலவு மிச்சம். பாட்டி அந்த வண்டைத் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு நாள் பெரட்டில் மகரந்தம் தூவும் அவர்கள் வேலைக் கும்பலின் பெயரைக் கூப்பிடவில்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் எந்தப் புது வசதியையும் கையில் எடுப்பதற்கு முன் புத்தகத்தின் தனிப்பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன்: இது யாருடைய கூலியைத் தொடுகிறது, அவரிடம் பேசினோமா? எண்ணும் வசதி எங்களிடம் ஓரளவு தயார். ஆனால் குலைகளைக் குவித்துப் போட்டால் அடியில் கிடப்பது படத்தில் விழாது, எண்ணிக்கை குறைந்து வருகிறது. டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இதனால் நஷ்டமில்லை. குலைக் கணக்கில் வாங்குபவருக்கு அன்றைய சம்பளத்திலேயே கை வைக்கும். வெட்டுபவர் தன் போனிலிருந்தே எண்ணைத் திருத்தவும், இரண்டு எண்களையும் மண்டோர் (மேற்பார்வையாளர்) பார்க்கவும் வழி செய்த பிறகுதான் வெளியிடுவோம். அதுவரை கையால் எண்ணுவதே தொடரட்டும். வேறு செயலிக்கு மாறிக்கொள்கிறோம் என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம், உங்கள் பழைய கணக்கு முழுவதையும் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

கம்பெனியை விற்கப் போகிறோம் என்ற பேச்சு முழுப் பொய் இல்லை. பணம் போட ஒருவர் வந்தார். யார், எப்போது, எந்த ஆலைக்கு, எவ்வளவு கழிவில் விற்கிறார்கள் என்ற பட்டியலும் சேர்த்து வேண்டுமாம். அவசரத்துக்கு விற்கிறவர் யார் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு விலை பேசுகிறவர் எப்படிப் பேசுவார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். 2012இல் மைடெக்சி என்ற டெக்சி கூப்பிடும் செயலியாக ஆரம்பித்த கிராப் எங்கே போய்விட்டது பார் என்று கோலாலம்பூர் நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, போகட்டும். டெக்சி எல்லா ஊரிலும் டெக்சிதான். பழக் கணக்கு ஆலைக்கு ஆலை, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. லோரியில் ஏறிப் பார்க்காத ஊரில் நான் கடை விரிக்க மாட்டேன்.

இப்படிச் சொல்வதால் எனக்குக் காசு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் எங்களைப் போன்ற இடங்களிலும் 2025 ஆகஸ்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்கவும் வேண்டும். மாதக் கட்டணமாக மாற்றிவிடு என்று எங்கள் கணக்காளர் ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறார். சீட்டுக்கு இவ்வளவு என்ற முறையை நான் விடுவதாக இல்லை. செப்டம்பர், அக்டோபரில் காய்ப்பு கொட்டும், ஜனவரி, பிப்ரவரியில் மரம் ஓய்ந்துவிடும். உங்களுக்கு வரவு குறைந்த மாதத்தில் எங்களுக்கும் குறையட்டும். பிப்ரவரியில் புது மேசை, புது கணினி எதுவும் வாங்குவதில்லை என்பது எங்கள் அலுவலக வழக்கமாகவே ஆகிவிட்டது.

அடுத்த மாதம் முதல் போன் நேரம் மதியம் 12 முதல் இரவு 8 வரை. காலையில் எடைமேடையில் சிக்கல் என்றால் எழுத்தில் அனுப்ப வேண்டாம், புலனத்தில் குரல் பதிவு போடுங்கள், நான் வரிசையில் நின்றபடியே கேட்டுவிடுவேன். வீட்டில் பழைய சீட்டுகள் இருந்தால் மங்குவதற்குள் கொண்டுவாருங்கள். படமெடுத்துச் சேர்ப்பதற்குக் காசு கிடையாது. வரும்போது பழம் வெட்டுபவரையும் கூட்டிவந்தால் நல்லது, எண்ணும் வசதி பற்றி அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
நிறுவனர்
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்