தொண்டு அமைப்புகளின் உதவி விதைப்புக்கு முன் வயலுக்கு வந்துசேரக் கோரி மனு

அனுப்புநர்:
புயலில் கடல்நீர் புகுந்த வயல்களின் சிறு, குறு மற்றும் குத்தகை விவசாயிகள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: தனியார் நிவாரண உதவிகளை விவசாயத் தேவையோடு ஒருங்கிணைப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புயலுக்குப் பிறகு முகம் தெரியாத பலர் அரிசியும் பாயும் போர்வையும் அனுப்பி எங்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றினார்கள். அதை மறக்க மாட்டோம். ஆனால் இப்போதும் வருவது அதே பொருட்கள்தான். பிரிக்காத பழைய துணி மூட்டைகள் பள்ளி வராண்டாவை அடைத்துக் கிடக்கின்றன. கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று அவர்கள் யாரைக் கேட்பார்கள்?

எங்களுக்கு முதலில் வேண்டியது வடிகால். வாய்க்கால்கள் மணலும் முறிந்த மரங்களுமாகத் தூர்ந்து கிடக்கின்றன. ஒரு நிறுவனம், உப்பேறிய மண்ணைச் சீர்செய்ய இடும் ஜிப்சம் தர முன்வந்திருக்கிறது, நல்ல விஷயம். களிமண்ணைப் பிடித்துக்கொண்ட சோடியத்தை ஜிப்சம் விடுவிக்கும், சரி. ஆனால் விடுபட்ட உப்பு நல்ல தண்ணீரோடு வெளியேற வழி வேண்டுமே! 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதி வயல்களில் மழைநீரைத் தேக்கி வடித்ததும், பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுததும் கைகொடுத்தன. எனவே ஜிப்சம் மூட்டைகளுக்கு முன்னால் பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும் அந்த உதவியைத் திருப்பிவிடக் கேட்கிறோம். மண்ணைச் சோதித்த பிறகு, தேவைப்படும் வயலுக்கு மட்டும் ஜிப்சம் போதும். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதை கிடைத்தால், அது உப்பைத் தாங்கி வளரும், பூக்கும் தறுவாயில் உழுதுவிடலாம்.

நெல் விதையிலும் கவனம் வேண்டும். பருவம் தவறி வரும் நீண்டகால ரகம் இலவசமாகக் கிடைத்தாலும் எங்களுக்குப் பாரம்தான். மிச்சமிருக்கும் நாட்களுக்கு ஏற்ற குறுகியகால ரகம், முளைப்புத்திறன் பார்த்த விதையாக வரட்டும். வைக்கோல் போர்கள் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டதால் மாடுகளுக்கு உலர்தீவனமும் உடனே தேவை. தாமதித்தால் மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம், மூழ்கிய மோட்டார்களுக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டித் தர நாலு மெக்கானிக்குகளை யாராவது அனுப்பினால் அதுவே பெரிய தர்மம்.

குத்தகைக்காரர்களின் நிலைமை தனி. பட்டா உரிமையாளர் பெயரில் இருப்பதால், சாகுபடி செய்தவர் நிவாரணப் பட்டியலில் வருவதில்லை. விதைத்து நஷ்டப்பட்டவர் வெறுங்கையோடு நிற்கிறார். யார் உழுதார் என்பது ஊருக்கே தெரியும். கிராமக் கூட்டத்தில் விசாரித்து, கிராம நிர்வாக அலுவலர் உறுதிசெய்தால் போதும் என்று உத்தரவிட வேண்டுகிறோம்.

ஆகவே, வேளாண் துறையில் ஒரு அலுவலரைப் பொறுப்பாக்கி, எந்த ஊருக்கு எந்தத் தேதிக்குள் எது வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்து வெளியிட்டு, உதவ வரும் அமைப்புகளை முதலில் அவரிடம் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். வந்த பொருள், பெற்றவர் விவரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால் சண்டை சச்சரவும் குறையும். நாற்றங்கால் போடும் நாள் நெருங்குவதால், இந்த வாரமே தொடங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாதிக்கப்பட்ட விவசாயிகள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், வயல்களின் புகைப்படங்கள்