வாடகை வீட்டில் தனித்து விடப்படுபவருக்கு என்ன உரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் ஒரு வாடகை வீடு எடுப்பது என்ன பாடு என்பது வாசகர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகப் பிள்ளைகள், மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்கள், காணி விலை எட்டாமல் வாடகையில் குடித்தனம் தொடங்கும் இளம் சோடிகள் என்று எல்லாரும் அதே வீடுகளைத்தான் தேடுகிறார்கள். வீட்டுக்காரர் பல நேரம் கனடாவில் இருப்பார், அல்லது லண்டனில். அவருடைய அற்றோர்ணித் தத்துவத்தை (அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை) வைத்திருக்கும் சொந்தக்காரர்தான் முற்பணம் வாங்கித் திறப்பைக் கொடுப்பார். இதெல்லாம் பழகிப்போய்விட்டது. நான் கேட்க வந்தது வேறு. அப்படிக் குடிவந்த சோடியில் ஒருவர் பிரிந்து போய்விட்டால், மற்றவர் அந்த வீட்டில் எந்த உரிமையோடு இருக்கிறார்?

ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். குத்தகை ஒப்பந்தங்கள் நிறையத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். ‘குத்தகை பெறுபவர்’ என்ற இடத்தில் அநேகமாக ஒரே பெயர்தான் வரும், கணவனின் பெயர். மனைவி பக்கத்துக் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். முற்பணக் காசு அவருடைய கைப்பையில் இருந்துதான் வெளியே வரும், சில வேளை நகை அடகு வைத்த சீட்டும் கூடவே வரும். ஆனால் அவரிடம் ஒரு கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்டதில்லை.

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் இதன் விளைவைப் பார்த்தேன். கணவன் போன பிறகும் தன் சம்பளத்தில் வாடகையை ஒழுங்காகக் கட்டி வந்த ஒரு பெண்ணிடம், வீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் வந்து, “எங்களுக்கு அவரோடைதான் பேச்சு, பிள்ளை. ஒப்பந்தத்திலை உங்கடை பெயர் இல்லை” என்றார். முற்பணம் ஏற்கெனவே கணவனின் வங்கிக் கணக்குக்குத் திரும்பிப் போய்விட்டது. வந்தவர் கெட்ட மனிதர் இல்லை. தாளில் இருந்ததைத்தான் செய்தார்.

இரண்டு பெயரும் இருந்தால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. ஒருவர் வெளியேறுவதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று எழுதியிருந்தால், முழு வாடகையையும் இருவரில் எவரிடமும் வீட்டுக்காரர் கேட்கலாம். போனவர் “நான்தான் அங்கே இல்லையே” என்று தப்ப முடியாது. வீட்டுக்காரர் எழுத்தில் விடுவிக்கும் வரை அவர் தலையிலும் கடன் நிற்கும். அதே போல, பெயர் உள்ளவர் திரும்பி வந்து கதவைத் தட்டினால், பூட்டை மாற்றிவிட்டேன் என்று சொல்லி மறிப்பதும் சுலபமில்லை. அடி உதை இருந்தால் நிலைமை வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடித்தவர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை, சட்டப்படி மணம் முடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான். வாடகை உரிமையையும் அது கைமாற்றித் தராது.

எனக்கு வியப்பாக இருப்பது இதுதான். யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதன வீட்டை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று சொல்கிற சட்டம் அது. அந்த விதி இன்னும் இருப்பது எனக்கு உடன்பாடில்லை, அதை வேறு கடிதத்தில் பேசலாம். ஆனால் அந்தப் பழைய சட்டமே கணவன் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று யோசித்து, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு அவள் தனியே செயற்பட வழி வைத்திருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும், வாடகைக்காரர் இறந்தால் கூட இருந்த வாழ்க்கைத் துணை அந்த இடத்துக்கு வரலாம் என்கிறது. (இப்போது புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தின் காப்புக்குள் வருவதில்லை என்பது வேறு.) ஆக, வீடு சொந்தமாக உள்ளவளைக் கணவன் விட்டுப் போனால் வழி உண்டு. வாடகை வீட்டில் கணவன் செத்தாலும் வழி இருந்தது. வாடகை வீட்டில் விட்டுப் போனால் மட்டும் ஒன்றும் இல்லை. குத்தகை முடிந்தும் எழும்பாதவர்களிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023 இல் வீட்டுக்காரருக்கென்று ஒரு தனிச் சட்டம் வந்தது. வரட்டும், அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. அந்த அக்கறையில் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம்.

சட்டம் வரும் வரை செய்யக்கூடியவை உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி. வீட்டு விறாந்தையில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தது அப்படியான குத்தகை ஆகாது. மாத வாடகை என்றுதான் நிற்கும். நொத்தாரிசிடம் போகும்போது இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஒருவர் விலகினால் எத்தனை நாள் முன்னறிவித்தல், மற்றவர் அதே வாடகைக்குத் தொடரலாமா, முற்பணம் யார் கைக்குப் போகும் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். புதிதாக மணமுடித்தவர்களிடம் இதைச் சொன்னால், “என்ன அண்ணை, அபசகுனமாக் கதைக்கிறியள்” என்பார்கள். மரண சாசனம் எழுதுகிறவர் எல்லாம் அடுத்த நாளே செத்தா போகிறார்?

பெயர் இல்லாமல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், வாடகை கட்டும்போது பற்றுச்சீட்டைத் தங்கள் பெயரிலேயே எழுதி வாங்கட்டும்; வீட்டுக்காரர் தங்களை வாடகைக்காரராக ஏற்றுக்கொண்டார் என்று காட்ட அது உதவும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சாமான்களை வெளியே வைத்துப் பூட்டினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வீட்டைத் திரும்பப் பெறக் கேட்கலாம். ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுகிறோம் என்று அந்த இரண்டு மாதத்தையும் இழுத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். போகும்போது பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொக்குவில்.