மூன்று பெட்டி, ஒரே லாட்

புவெப்லோ,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

கண்ணு,

மூன்றாவது வேட்டை சீசனுக்கு உனக்குப் பெண் எல்க்குக்கும் (அந்தப் பெரிய மான் ஜாதி) மியூல் மானுக்கும் லைசென்ஸ் கிடைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். நீயே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி தேவலை. தக்காளி இந்த வருஷம் சரியாக வரவில்லை. இதை எழுத உட்கார்ந்தது தோட்டாவுக்காக.

போன வருஷப் பெட்டியில் மிச்சம் இருக்குமே, அதைத் தொடாதே. விலை குறைவு என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தோட்டாவின் குண்டு மெல்லிய செப்பு உறைக்குள் மெத்தென்ற ஈயம், அவ்வளவுதான். மானுக்கு அதைவிட நல்லது வேண்டாம். விலா எலும்பைத் தொட்டதும் காளான் மாதிரி விரியும், மான் 50 கஜத்துக்குள் விழுந்துவிடும். ஆனால் உன் 300 வின் மேக் துப்பாக்கி அந்த 180 கிரெயின் எடைக் குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் வெளியே தள்ளுகிறது. 80 கஜத்தில் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால், விரிவதற்குப் பதில் சிதறிவிடலாம். மேல்தசையில் பெரிய காயம், உள்ளே நுரையீரலுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதே குண்டு 250 கஜத்தில் வேகம் தணிந்து ஒழுங்காக வேலை செய்யும். கிட்டத்தில் உடையும், தூரத்தில் உடையாது. இதைத் தலைகீழாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். கொலராடோவில் குறைந்தது .24 காலிபர் துப்பாக்கி (குழல் விட்டம் .24 அங்குலம்), விரியும் வகைக் குண்டு, மானுக்கு 70 கிரெயின், எல்க்குக்கு 85, 100 கஜத்தில் குண்டு மோதும் வலு 1,000 அடி-பவுண்டு. அது அபராதம் வராமல் இருப்பதற்கு. பெண் எல்க் 225 கிலோ வரும். மியூல் மானில் 100 கிலோவைத் தாண்டினாலே பெரிய உருப்படி. எல்க்குக்குப் படும் இடத்தில் 1,500 அடி-பவுண்டு வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு சட்டத்தில் இல்லை. நீ அதைப் பிடித்துக்கொள்.

குண்டு உடையாமல் இருக்க வழி மூன்று. ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட, சேறு காய்ந்த தோலிலேயே குண்டுகள் சிதறிப்போயின. அதனால் நடுவில் செப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாதபடி செய்தார். 1948-லிருந்து பார்ட்டிஷன் என்று விற்கிறது. அடுத்தது ஈயத்தையும் உறையையும் பிரிய முடியாதபடி ஒட்டவைத்தது, பாண்டட் என்பார்கள். மூன்றாவது ஈயமே இல்லாத முழுச்செம்பு. பார்ன்ஸ் கம்பெனி 1989-ல் கொண்டுவந்தது. மூக்கில் மட்டும் துளை, பட்டதும் நாலு இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

நீ செம்பே வாங்கு. காரணம் எல்க் இல்லை, வீட்டுப் பாப்பா. ஈயக் குண்டு உள்ளே போனால் தூசி மாதிரித் துகள் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம்கூடத் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் படாது. 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த கொத்துக்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஈயத்தைக் கண்டு, கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. அது கழுகுக்காக, காண்டோர் கழுகு செத்துக்கொண்டிருந்தது. நமக்கு வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருக்கிறது. நீ கொத்துக்கறியைத்தானே அதிகம் ஆக்குகிறாய்.

செம்பில் இரண்டு சங்கடம். ஈயத்தைவிடக் கனம் குறைவு, அதனால் அதே எடைக்கு நீளம் கூடும். ஒரு படி இறங்கி வாங்கவேண்டும், ஈயத்தில் 180 என்றால் செம்பில் 165 அல்லது 150. இரண்டாவது, வேகம் நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே இறங்கினால் இதழ் சரியாக விரியாது. ஊசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் 300-க்கு 165 கிரெயின் செம்பு எடுத்து

இந்த வரியை முடிக்க முடியவில்லை, கண்ணு. இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது.

குண்டு உடைந்துவிட்டது, அதனால்தான் நீ சுட்ட எல்க் தப்பிப்போனது என்று போன நவம்பரிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தையிடம், மாப்பிள்ளையிடம், உன்னிடமும். தம்பி அனுப்பின படம் என்னிடம் இருக்கிறது. பனிமேல் கருஞ்சிவப்பு, அதில் பச்சையாக மசி, மென்ற புல். நுரையீரலில் பட்டால் இளஞ்சிவப்பாக நுரைத்து வரும். ஈரல் என்றால் கருஞ்சிவப்பு மட்டும். பச்சை வந்தால் வயிறு, குடல். அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரியும், குண்டு உடையவில்லை. நீ வைத்த இடத்துக்கு ஒரு அடிக்குமேல் பின்னால் போயிருக்கிறது. 80 கஜத்தில் எந்தப் பெட்டியும் ஒரு அடி தள்ளிப் போகாது. வெடிக்கும் முன்பே உடம்பு உதைக்குப் பயந்து குறுகினால்தான் போகும்.

அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். எட்டரை பவுண்டு துப்பாக்கியில் 300 வின் மேக் தோளில் உதைப்பது சுமார் 26 அடி-பவுண்டு. உன் பழைய 7எம்எம்-08 துப்பாக்கி உதைப்பது அதில் பாதிதான். அதை வைத்து நீ 200 கஜத்தில் காபித் தட்டுக்குள் ஐந்தும் போட்டவள். அதை வாங்கி வைத்துக்கொண்டு 300-ஐ உன் கையில் கொடுத்தது எல்க்குக்காக இல்லை. என் மகள் 300 வின் மேக் சுடுகிறாள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள. ரேஞ்சில் ஒன்பதாவது தோட்டாவுக்குப் பிறகு தோளில் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டினாய். பழகிடும் என்று சிரித்தேன். நீ இரண்டு நாள் பனியில் அந்த எல்க்கைத் தேடி அலைந்தாய். மூன்றாம் நாள் போனில் நான் முதலில் கேட்டது, சரியாகக் குறி வைத்தாயா என்று.

சரி. 300-ஐத் தம்பியிடம் கொடுத்தனுப்பு. 7எம்எம்-08 துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு 120 கிரெயின் செம்புக் குண்டு, வேகம் 3,000 அடி இருக்கும். 250 கஜத்தில் 1,500 அடி-பவுண்டுக்குச் சற்று மேலே நிற்கும், இதழ் விரிய வேண்டிய வேகமும் தாராளம். 250-க்கு மேல் சுடாதே, மானைக்கூட. இரண்டுக்கும் ஒரே தோட்டா போதும், சீசன் நடுவில் மாற்றாதே.

மூன்று பெட்டி வாங்கு, மூன்றும் ஒரே லாட்டாக, அதாவது ஒரே தடவையில் தயாரித்ததாக இருக்கவேண்டும். நம்பர் மூடியின் உள்மடிப்பில் அல்லது பக்கத்தில் அச்சடித்திருக்கும். லாட் மாறினால் வெடிமருந்தும் மாறியிருக்கலாம், குண்டு விழும் இடம் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் நகரும். அக்டோபரில் போய்த் தேடினால் அலமாரி காலியாகிவிடும், இப்போதே வாங்கு. செம்புக்கு மாறும் முன் குழலில் ஒட்டியிருக்கும் பழைய செப்புக்கறையைச் சுரண்டி எடுக்கவேண்டும். செப்புக் கரைப்பான் ஊற்றி, துணியில் நீலம் வராத வரைக்கும் தேய். அப்புறம் முதல் மூன்று தோட்டாவை நம்பாதே, அங்கே இங்கே விழும்.

பெட்டி ஒன்று மேஜையில் உட்கார்ந்து: 200 கஜத்துக்குக் குறி சரிசெய். 100-ல் ஒன்றரை அங்குலம் மேலே விழவேண்டும். குழல் ஆறவிட்டு ஆறவிட்டு மூன்று மூன்றாகச் சுடு. கடைசியாக, மறுநாள் காலை ஆறிய குழலில் ஒரே ஒரு தோட்டா. காட்டில் கிடைக்கப்போவது அந்த ஒன்றுதான், அது எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள். இரண்டாவது பெட்டி மேஜை இல்லாமல்: முட்டி போட்டு, உட்கார்ந்து, பைமேல் சாய்ந்து. அதில் தம்பியை உட்காரவைத்து, உனக்குத் தெரியாமல் நடுநடுவே மருந்தில்லாத டம்மி தோட்டா போடச் சொல். விசை சொடுக்கி வெடிக்காதபோது குழல் முனை கீழே குத்தினால் பயம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு நிறுத்திவிடு, நீலம் பாயும் வரை சுடாதே. மூன்றாவது பெட்டி காட்டுக்கு.

தம்பியிடம் இருப்பது 270 ரகத் துப்பாக்கி. அவன் பெட்டியும் உன் பெட்டியும் ஒரே பையில் போகக்கூடாது. 7எம்எம்-08 தோட்டா 270-ஐவிடக் குட்டை, அவன் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழைந்துவிடலாம். குண்டோ குழலைவிடப் பருமன், அழுத்தம் ஏறித் துப்பாக்கி வெடிக்கும். தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் குழலில் பொறித்திருப்பதையும் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார், ஒவ்வொரு காலையும். தோட்டாமேல் எண்ணெய் படக்கூடாது, அடியில் பொறி கிளப்பும் பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காது. வண்டி டாஷ்போர்டில் வெயிலில் போடாதே. சொல்லிவிட்டேன், ஒரே லாட்.

குறி வைக்கும் இடம் முன்னங்கால் கோட்டில், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். முழுப் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திரு. உன்னை நோக்கிச் சாய்ந்து நின்றால் விட்டுவிடு, போகட்டும். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்று, விழுந்தாலும் ஏற்று. நுரை கண்டால் அரை மணி நேரம் உட்கார். பச்சை கண்டால் குறைந்தது 6 மணி நேரம். விரட்டாவிட்டால் கிட்டத்திலேயே படுக்கும், விரட்டினால் மலை தாண்டும். பனி கொட்டித் தடம் மறைகிறதென்றால் அது வேறு கணக்கு. அன்றைக்கு நீ உடனே போனதில் தப்பில்லை.

ஆரஞ்சு மேல்சட்டை, தொப்பி இரண்டும் 7எம்எம்-08-கூடவே வைத்திருக்கிறேன். அம்மா மிளகாய்ப்பொடி கொடுத்திருக்கிறாள். தம்பி அடுத்த சனிக்கிழமை கிரெய்க் வரும்போது எடுத்து வருவான். போன் பண்ணவேண்டாம், வேலை இருக்கும். பெட்டி வாங்கினதும் லாட் நம்பரை மட்டும் மெசேஜில் அனுப்பு.

அப்பா