சம்பளம் மாதத்துக்கு, செலவு வருடத்துக்கு

திருகோணமலை,
ஐப்பசி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் நலமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். தீபாவளி முடிந்த கையோடு காசு தட்டுப்பாடாகிவிட்டது என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். இருவரும் உழைக்கிறோம், கண்டபடி செலவழிப்பதும் இல்லை, பிறகு ஏன் மாதத்தின் இருபதாம் தேதி வந்தால் இப்படி இழுபறி என்று கேட்டாயாம். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். மருமகனும் இதைப் படிக்க வேண்டும். வீட்டுக் கணக்கு ஒருவர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது.

நம் கடையின் கடன் கொப்பியை நீ சிறுபிள்ளையாக இருந்தபோது புரட்டிப் பார்த்திருக்கிறாய். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்ப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும். வயல்காரர் வீட்டுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் காசு வரும். பெரும்போகம் வெட்டும் மாசி, பங்குனியில் ஒன்று, சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாதியில் ஒன்று. கடல்காரருக்கு வாடைக்காற்று எழும்பினால் படகு கரையில்தான். மாதம் தவறாமல் சம்பளம் எடுப்பவர்களுக்குத்தான் கடன் குறைவாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. வெள்ளமும் வரட்சியும் விழுத்திய வயல்காரக் குடும்பங்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நல்ல வருடங்களில், மாதச் சம்பளக்காரரின் நிலுவைதான் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஏறிக்கொண்டே போகும். அடுத்த மாதம் காசு வரும் என்ற நம்பிக்கை அவர்களை வருடத்தை எண்ணிப் பார்க்க விடவில்லை. வயல்காரருக்கு எண்ணாமல் வாழவே முடியாது.

உங்களுக்கும் இதுதான் நடக்கிறது. வாடகை, அரிசி, பஸ் காசு எல்லாம் மாதச் செலவு; அதைச் சம்பளம் தாங்குகிறது. தீபாவளி மாதச் செலவு அல்ல. தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் அல்ல. பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்கு நீங்கள் இங்கே வந்துபோகும் செலவு, ஆவணியில் வரிசையாக வரும் கல்யாண வீடுகள், மோட்டார் சைக்கிளின் காப்புறுதி, அதற்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம், பல் வைத்தியம், பழுதாகும் மின்விசிறி, இவை ஒன்றும் திடீரென்று வருவதில்லை. எல்லாம் வருவதற்கு நாள் குறித்து வைத்திருப்பவை. நாம்தான் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, ஒரே தாளில் தை முதல் மார்கழி வரை எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே, வழக்கமான செலவுக்கு மேல் என்ன வரும், எவ்வளவு வரும் என்று குறியுங்கள். கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். 240,000 ரூபா வந்தது என்று வைத்துக்கொள், மாதம் 20,000 ரூபா. அந்தத் தொகை உங்கள் செலவுக் காசு அல்ல; சம்பளம் விழுந்த மறுநாளே தானாக இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம். வங்கிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று இருந்தால், எடுக்குமுன் ஒரு தடவை யோசிப்பீர்கள். இது எதிர்காலத்துக்கான சேமிப்புக்கூட இல்லை, இந்த வருடத்துச் செலவை முன்கூட்டியே கட்டி வைப்பதுதான். இதைச் செய்தாலே இருபதாம் தேதி இழுபறி பெரும்பகுதி தீரும் என்று நம்புகிறேன்.

இனிச் சாப்பாடு. இதில் குறைக்கச் சொல்லவில்லை. வயிற்றைக் கட்டிச் சேமித்தவர்கள் பிறகு அதை மருந்துக் கடையில் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். எது எப்போது மலிவு என்று தெரிந்து வாங்கச் சொல்கிறேன்.

மீனை எடுத்துக்கொள். நீ நம் கடலைப் பார்த்து வளர்ந்தவள். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும்போது கடல் கொந்தளிக்கும், சந்தையில் மீன் விலை எகிறும். சித்திரைக்குப் பிறகு கடல் படுத்துவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம் முழுவதும் மீன் வந்து குவியும். நீங்கள் இருக்கும் கொழும்பில் இது தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைத்தான் அடிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை அங்கே கடல் கடுமை. மார்கழி முதல் பங்குனி வரை அமைதி. இங்கே மீன் விலை ஏறும் மாதங்கள் முழுதும் நீ அங்கே மீனைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஊர்ப் பழக்கத்தில் மார்கழி என்றால் மீன் விலை என்று ஒதுங்கிவிடாதே, சந்தைக்குப் போய்ப் பார். அறக்குளாத் துண்டுதான் மீன் என்று நினைப்பதும் வேண்டாம். சூடையும் சாளையும் அதைவிடப் பல மடங்கு மலிவு, சத்திலும் குறைவில்லை. கழுவிச் சுத்தம் செய்யச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அம்மா சோளகக் காலத்தில் வாங்கிக் காயவைத்த கருவாடு மழைக்காலம் முழுவதற்கும் போதும். உனக்கும் ஒரு பொதி வைத்திருக்கிறாள்.

அரிசி பெரும்போக அறுவடை முடிந்ததும் விலை இறங்கும். பங்குனியில் இங்கே வரும்போது தம்பலகாமத்து அரிசி ஒரு மூடை எடுத்துப் போங்கள். நன்றாகக் காய்ந்த அரிசியாக இருக்க வேண்டும், காற்றுப் புகாத வாளியில் போட்டு வைக்க வேண்டும். தரையில் வைக்காதே. கொழும்பு ஈரத்துக்கு வண்டு சீக்கிரம் பிடிக்கும்.

கடையில் என்னை மிகவும் வருத்திய ஒன்று இருக்கிறது. கையில் காசு உள்ளவர் சீனி ஒரு கிலோ வாங்குவார், தேயிலை பெரிய பைக்கற் எடுப்பார். காசு இல்லாதவர் நூறு கிராம் சீனி, ஒரு சிறிய தேயிலைப் பைக்கற், ஒருநாளைக்கு மட்டும் போதுமான சவர்க்காரத்தூள் என்று வாங்குவார். சிறு பைக்கற்றில் பெரும்பாலும் கிராமுக்கு விலை கூட. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், இல்லாதவர்தான் அதே பொருளுக்கு அதிகம் கொடுத்திருப்பார். நான் சிலருக்கு மொத்தமாக நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காசைப் பகுதி பகுதியாக வாங்கியது இதனால்தான். நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஆனால் இருபதாம் தேதிக்குப் பிறகு நீங்களும் சிறு பைக்கற் வாங்கத் தொடங்கியிருப்பீர்கள். அரிசி, பருப்பு, சீனி, மா, தேயிலை, சவர்க்காரம் ஆகியவற்றை மாத முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். கெட்டுப்போகும் மரக்கறியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கு. வாங்கும்போது பொதியில் எழுதியிருக்கும் எடையைப் பார். விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்துவிடும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது.

மின்சாரத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டணம். 60ஐத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்காதே. முதல் 60 அலகுக்கும் சேர்த்தே உயர்ந்த விலை போடப்படும். நாளுக்கு இரண்டு அலகு என்பதுதான் கணக்கு. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு. தண்ணீர் சுடவைக்கும் கேத்தலும் ஸ்திரிக்கைப் பெட்டியும்தான் அதிகம் இழுக்கும். ஒரு கிழமைக்கு வேண்டிய உடுப்பை ஒரே நாளில் ஸ்திரி போடு. மீற்றரை மாத நடுவில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள், 30ஐத் தாண்டியிருந்தால் மிச்ச நாட்களில் கவனமாக இருக்கலாம். வீட்டுக்காரரின் மீற்றரோடு சேர்ந்திருந்தால் இது சரிவராது. வேறு வீடு பார்க்கும்போது தனி மீற்றர் உண்டா என்று முதலில் கேள். எரிவாயுவுக்கு ஒன்றுதான்: கடலை, பயறு போன்றவற்றை இரவே ஊறவை, சட்டியை மூடிச் சமை.

2022இன் பொருளாதார நெருக்கடி உனக்கு நினைவிருக்கும். எரிவாயு இல்லை, பெற்றோல் வரிசை, ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. மாசியில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் வைகாசியில் 360 ரூபா அளவுக்குப் போனது. புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் கடையில் நின்று பார்த்ததில், ஒரு மாதச் சாமான் வீட்டில் இருந்தவர்களும் மூன்று மாதச் செலவுக்குக் காசு வைத்திருந்தவர்களும்தான் நகையை அடகு வைக்காமல் தப்பினார்கள். பதுக்கச் சொல்லவில்லை. மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது நான் மேலே சொன்ன வருடச் செலவுக் கணக்குக்கு வெளியே, வேறாக இருக்க வேண்டும். ஒரே நாளில் சேராது. வருடாந்த போனஸ் வந்தால் முதலில் இதற்குப் போடுங்கள்.

அதிக வட்டி தருகிறோம் என்று யாராவது வந்தால் மத்திய வங்கி அனுமதித்த நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் வைக்காதே. அனுமதி பெற்றவற்றிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரைதான் வைப்புக் காப்புறுதி உண்டு. சீட்டுக் கட்டுவது பற்றி அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறு. அவள் தெருப் பெண்களோடு கட்டிய சீட்டில்தான் வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவரையொருவர் பிறந்ததிலிருந்து தெரியும். அலுவலகத்தில் நேற்று வந்தவர்களோடு சீட்டு வேண்டாம். கடன் அட்டையில் மாதாமாதம் கட்டவேண்டிய குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசம். மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முழுவதும் கட்ட முடியாத மாதத்தில் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

குறைக்கவே கூடாதவையும் உண்டு. மருந்து, நல்ல சாப்பாடு, மரண வீட்டுக்குக் கொடுப்பது, கோயிலுக்குச் செய்வது. மருமகனின் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் காசும் அப்படித்தான். அது பற்றி உங்களுக்குள் பேச்சு வந்ததாக அறிந்தேன். அது வாடகையைப் போல முதல் வரியில் இருக்கட்டும், பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒரு வேலை. உன் சம்பளத்தில் 8 வீதம் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கிறார்கள், அதற்கு மேல் 12 வீதம் முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் கட்ட வேண்டியது இன்னும் 3 வீதம். கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டால் பெண்கள் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று உன் சிநேகிதி சொன்னாளாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் நீ அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். அந்தக் காசு உன் ஐம்பதாவது வயதில் உன் கையில் இருக்க வேண்டியது. பழைய நிறுவனத்தில் உனக்காகக் கட்டியது உன் கணக்கில் ஏறியிருக்கிறதா, அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இந்த மாதமே பார். சம்பளச் சீட்டு கிடைத்ததும் உன்னுடையதையும் மருமகனுடையதையும் படம் எடுத்து அனுப்பு. வருடக் கணக்கு எழுதிய தாளையும் சேர்த்து அனுப்பினால், இருந்து பார்த்து விடுபட்டதைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா