அண்ணை வீடு வந்து சேர்ந்தார்: கூட நின்ற உங்களுக்கு

முள்ளியவளைப் பக்கத்து ஊர்ச்சனத்துக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து விசாரித்துக்கொண்டே இருந்த உறவுகளுக்கும் வணக்கம். அண்ணை போன தை மாதம் சிறையிலிருந்து வந்துவிட்டார். உடனேயே எழுத நினைத்தேன், ஆனால் முதல் ஒரு மாதம் வீட்டில் எவருக்கும் என்ன செய்வதென்றே விளங்கவில்லை. இரவில் லைற்றை நிறுத்த விடமாட்டார். கதவைத் தானாகத் திறக்கமாட்டார், யாராவது வந்து திறக்கும்வரை அதற்கு முன்னால் பேசாமல் நிற்பார். இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணை செய்யாத குற்றத்துக்கு மறியலுக்குப் போகவில்லை. 2012, நாங்கள் மீள்குடியேறி வந்த காலம், எல்லைக் கல்லும் இல்லை, காணி உறுதியும் இல்லை, எல்லாம் 2009 போருடன் போய்விட்டது. வேலிக்குக் கதியால் (வேலிக்கம்பு) நட்ட இடம் யாருடையது என்று தொடங்கிய வாய்த்தர்க்கத்தில் அண்ணை மண்வெட்டிப் பிடியால் ஒரு அடி அடித்தார், பக்கத்து வளவுக்காரர் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இதை எழுதாமல் நன்றி மட்டும் எழுதினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

2016 இல் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு. எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள், லைற்றை அணைத்தார்கள், மின்விசிறியையும் நிறுத்தினார்கள். அது உடனே நிற்கவில்லை, ஓய்ந்து ஓய்ந்து சுற்றி, கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றது, அதுவரை நீதிபதியும் வாய் திறக்கவில்லை. பிறகு தூக்கு என்று வாசித்தார், பேனையை முறித்தார். அம்மாவுக்குக் காது மந்தம், ஒன்றும் கேட்கவில்லை, பேனையைத்தான் கண்டார். "ஏன் பிள்ளை நல்ல பேனையை முறிக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் பொலிஸ்தான் அம்மாவைக் கையில் பிடித்து வாங்கிலில் இருத்தினார். அவருக்கு முதல் நன்றி.

"1976 க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கவில்லை, பயப்படாதேங்கோ" என்று ஆறுதல் சொன்னவர்கள் கனபேர். அது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. தூக்கமாட்டார்கள் என்றால் ஏன் தூக்கென்று எழுதுகிறார்கள் என்பார். அதற்கு எங்களிடமும் பதில் இல்லை, இப்போதும் இல்லை. கொலைக்குச் சட்டத்தில் எழுதியிருப்பது அந்த ஒரு தண்டனைதான், நீதிபதி மனம் வைத்தாலும் குறைக்க வழியில்லை.

முதலில் பிடித்த சட்டத்தரணி காசை வாங்கிக்கொண்டு இரண்டு தவணைக்கு வரவேயில்லை. அதை விடுவோம். கொழும்பில் மேன்முறையீட்டை எடுத்து நடத்திய சட்டத்தரணி அண்ணா ஒரு சதம் வாங்கவில்லை. புதுக்கடையில் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவர் சொன்ன ஒரு கதை மறக்காது. பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது அவருடைய அரசுதான் தூக்கை நிறுத்தியது. 1959 இல் அவரையே சுட்டார்கள், சுட்டதும் ஆத்திரத்தில் தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சுட்ட சோமராமவை 1962 இல் தூக்கிலிட்டார்கள். "வேண்டாம் என்று சொன்ன மனுசனுடைய பேரிலேயே கயிறு திரும்பி வந்தது, தங்கச்சி" என்றார். திடீர்ச் சண்டையில் விழுந்த ஒரு அடியை எப்படிக் கொலை என்று எழுதலாம் என்றுதான் அவர் வாதாடினார். 2021 இல் அது கைமோசக் கொலை, அதாவது கொலைக் குற்றத்தைவிடக் குறைந்த குற்றம், என்று மாறியது, தண்டனை பத்து வருடமானது. அடி அதே அடிதான், செத்தவரும் அதே மனிசன்தான், மாறியது பெயர் மட்டும். 1976 க்கு முந்திய காலமாக இருந்திருந்தால் அந்தப் பெயர் மாறுமட்டும் அண்ணையை யார் வைத்திருந்திருப்பார்கள் என்று இரவில் யோசிப்பேன்.

இடையில் 2019. தூக்கிலிடுகிற அலுகோசு வேலைக்கு விளம்பரம் போட்டார்கள், நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஆனி மாதம் நாலு பேரைத் தூக்கக் கையெழுத்து வைத்துவிட்டதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொன்னார். நாலும் போதைப்பொருள் வழக்கு, எங்களுடையது இல்லை, அதை அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட செய்தியை ஓட்டோவில் வந்து சத்தமாகச் சொல்லி, அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டுப் போன தம்பிக்கு நன்றி. முல்லைத்தீவு–கொழும்பு இரவு பஸ் நடத்துனருக்கும் நன்றி, காசில்லாத நாட்களில் "அடுத்தமுறை தாங்கோ அம்மா" என்றவர், அடுத்தமுறை கேட்கவும் இல்லை. வெலிக்கடை வாசலில் அம்மாவுக்கு வரிசையில் இடம் பிடித்து வைத்த சிங்களத் தாயின் மகனும் உள்ளே தூக்குத் தண்டனையோடு இருந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாது, சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாதி பாதி சாப்பிடுவார்கள். அவர் இதை வாசிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "தூக்குக்காரன்ரை பிள்ளை" என்று பெடியள் சொன்ன நாளிலிருந்து அண்ணையின் மகளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இருத்திப் படிப்பித்த ரீச்சருக்கும் நன்றி, பிள்ளை இந்த வருடம் ஓ.எல். சோதனை எழுதுகிறாள்.

வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா நேர்ந்த நேர்த்தி வைகாசிப் பொங்கலுக்குக் கொடுக்கிறோம், வரக்கூடியவர்கள் வாருங்கள். விசாரியாமல் புருசனை வெட்டச் சொன்ன அரசனிடம் நீதி கேட்டு, மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இருக்கிற இடம் என்றுதான் அம்மா அங்கே நேர்ந்தார். "கோவலன் களவெடுக்கவில்லை அம்மா, அண்ணை அடித்தவர்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அவளுக்குத் தெரியும்" என்றார் அம்மா.

என்னையும் சொல்லவேண்டும். 2017 இல் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை என்றபோது கடையில் எல்லோரும் தூக்கத்தான் வேணும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். அண்ணை உள்ளே இருக்கும்போதே. மிருசுவிலில் சின்னப்பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்கு மரண தண்டனை பெற்ற சிப்பாய் 2020 பங்குனியில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வீட்டுக்குப் போனபோது எனக்கு வந்த கோபமும் கொஞ்சநஞ்சமில்லை. அவனைத் தூக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, உள்ளேயே இருந்திருக்க வேண்டும். தூக்கென்று பெரிதாக எழுதி வைத்தாலும் கையெழுத்தும் மன்னிப்பும் ஒரே மேசையில்தானே இருக்கிறது.

கடைசியாக, பக்கத்து வளவு அக்கா. உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை, நீங்கள் எங்களோடு கதைப்பதும் இல்லை, அது சரிதான். 2019 இல் யாரோ வந்து, உன் புருசனைக் கொன்றவனையும் இனித் தூக்குவார்கள், சந்தோசமா என்று கேட்டபோது, "அவனைத் தூக்கினால் என்ரை வேலியை ஆர் வந்து அடைக்கிறது" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மகன் இதை வாசித்துக் காட்டுவான் என்று நினைக்கிறேன். மாரிக்கு முதல் அந்த வேலியை எங்கள் செலவில் அடைத்துத் தருகிறோம், எல்லை நீங்கள் காட்டுகிற இடம். அண்ணை அந்தப் பக்கம் வரமாட்டார், கூலிக்கு ஆள் பிடித்துத்தான் செய்விப்போம். சம்மதம் என்றால் படலையில் ஒரு கதியாலைச் சாத்தி வையுங்கோ, காணும்.