டிசம்பர் கப்பல் பயணமும் கடல் ஆட்டமும்

ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் முதலில் பாதையைப் பார்க்க வேண்டும். பினாங்கு, புக்கெட் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவக்காற்றை மலாய்த் தீபகற்பமே பெரும்பாலும் மறைத்துவிடும். மழை பெய்தாலும் கப்பல் ஆட்டம் குறைவு. தாய்லாந்துத் தீவான கோ சமுய், வியட்னாம் என்றால் தென்சீனக் கடல் அலை நேரே முட்டும்.

கப்பல் அடியிலுள்ள பக்கத் துடுப்புகள் இடவல ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. அதனால் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையே நல்லது. கூடுதல் காசு கொடுத்து உச்சித் தளத்தில் முன்பக்க பால்கனி அறை எடுத்தவருக்குத்தான் குமட்டல் அதிகம்! மாத்திரையைத் தலைசுற்றல் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்; தூக்கம் வரும், மதுவோடு கூடாது. வெறும் வயிறும் ஆகாது.

கப்பல் ஊழியர்கள் படிக்கட்டுக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி, நீச்சல் குளத்து நீரை இறக்கி வலை கட்டினால் இரவு ஆட்டம் நிச்சயம். பால்கனிக் கதவும் அறைக்கதவும் ஒருசேரத் திறந்தால் காற்றில் கதவு அறைந்து விரல் நசுங்கும்.

கோ சமுயில் பெரிய கப்பல் நங்கூரமிட்டு, படகில்தான் ஆட்களை இறக்கும். அலை எழுந்தால் கரையிறங்குவதே ரத்து. பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். முகவர்கள் இதை டிக்கெட் விற்கும்போதே சொல்ல வேண்டும்.

— வாசகர், சிங்கப்பூர்